கண் பழகணும் என்று சொன்னேன்

"அக்கா, எனக்குக் கண் பழகலைன்னா ரெண்டு பக்கமும்தானே குறையணும்?"

எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் தடவையாக வேர் எண்ணிய ஒரு பெண் இதைக் கேட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. சண்டைக்கு வந்த குரலே இல்லை. எண்ணிக்கைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். நான் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே "பழகணும்மா, நூறு ஸ்லைடு பார்த்தா தானா வரும்" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. எனக்குள் இன்னும் முடியவில்லை.

மக்காச்சோள வேர். மைக்கோரைசா, அதாவது வேருக்குள் குடியேறிச் செடியோடு கூடி வாழும் பூஞ்சை, இட்ட பாத்திகளிலிருந்து ஆறு மாதிரி, இடாத பாத்திகளிலிருந்து ஆறு. வேரின் நீளத்தில் எத்தனை பங்கில் பூஞ்சை குடியேறியிருக்கிறது என்று எண்ண வேண்டும். நான் எண்ணியதில் இட்ட பாத்திக்குச் சராசரி 61 சதவீதம், இடாததற்கு 38. அதே ஸ்லைடுகளை அவள் லேபிள் மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, எது எந்தப் பாத்தி என்று தெரியாமல் எண்ணினாள். அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தோன்றியிருக்கிறது. அவளுக்கு வந்தது 44, 35. இடாத பாத்தியில் எங்கள் இருவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை, இட்டதில் மட்டும் 17 தள்ளி நிற்கிறது. அதைத்தான் கேட்டாள்.

நாங்கள் எண்ணியது 1990இல் மெக்கோனிகல் குழுவினர் வெளியிட்ட முறையில். 200 மடங்கு உருப்பெருக்கத்தில், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் இருக்கும் குறுக்குக் கோடு வேரை வெட்டும் இடத்தில் எது மாட்டுகிறதோ அதைக் குறிக்க வேண்டும்: ஆர்பஸ்க்யூல், பை மாதிரி உப்பிய வெசிகிள், வெறும் பூஞ்சை இழை, ஒன்றுமில்லை. ஒரு மாதிரிக்கு நூறு வெட்டு. ஆர்பஸ்க்யூலில் யாருக்கும் குழப்பம் வராது. செல்லுக்குள் குட்டி மரம் மாதிரி கிளை விட்டு நிற்கும், பேரே அதனால்தான் வந்தது. ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் சுமார் 40 கோடி வருடத்துக்கு முந்தைய செடிக்குள்கூட அதை அடையாளம் கண்டிருக்கிறார்கள், கல்லாகிப்போன பிறகும் அது அதுவாகவே தெரிகிறது. தொல்லை எல்லாம் வெறும் இழையில்தான். கல்லுக்குள் இருப்பதைச் சொல்ல முடிகிறது, போன மாதம் நானே பிடுங்கிக் கழுவிய வேரில் ஓடும் ஒரு நீலக் கோடு எந்தப் பூஞ்சை என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். இட்ட பாத்தி, மூன்றாவது மாதிரி. வேரின் தோலுக்கு அடுத்த அடுக்கான புறணியின் செல்களுக்கு நடுவே வேரோடு ஒட்டி ஒரு இழை ஓடுகிறது, ட்ரைபன் ப்ளூ சாயம் சரியாக ஏறாமல் வெளிறிய நீலம். ஃபைன் ஃபோக்கஸைக் கால் சுற்றுத் திருப்பினால் இழைக்குக் குறுக்கே முடி போல ஒரு கோடு வரும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறைந்துவிடும். அது குறுக்குச்சுவரா, பின்னால் இருக்கும் செல்லின் சுவரா? ஆர்பஸ்குலர் பூஞ்சையின், அதாவது ஆர்பஸ்க்யூல் விடும் இந்தப் பூஞ்சையின், இழையில் பொதுவாகக் குறுக்குச்சுவர் இருக்காது. இருந்தால் வேறு பூஞ்சையாக இருக்கலாம், வயல் வேரில் அப்படி எத்தனையோ குடியிருக்கின்றன, அவற்றிலும் நிறமில்லாத இழைகள் நீலம் ஏற்றுக்கொள்ளும். அப்படியென்றால் தள்ளிவிடலாமே என்றால் அதுவும் முடியாது, ஏனென்றால் ஆர்பஸ்குலர் பூஞ்சையின் இழையும் வயதாகி உள்ளே இருப்பது பின்வாங்கும்போது குறுக்குச்சுவர் போட்டுக்கொள்ளும். ஆக அந்தக் கோட்டை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்த மாதிரி இடத்தில்தான் பழகிய கண் வேண்டும் என்கிறேன். நான் ஸ்லைடு இருக்கும் மேடையை நகர்த்தி இழையைப் பின்தொடர்ந்து போவேன். தடிமன் ஒரே சீராக இல்லாமல் முழங்கை மாதிரி முண்டிக்கொண்டு போகிறதா, போய் ஒரு வெசிகிளிலோ ஆர்பஸ்க்யூலிலோ சேர்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து குறிப்பேன். அவள் கோடு வெட்டும் இடத்தைத் தவிர வேறெங்கும் போகவில்லை. சந்தேகம் வந்தால் கேள்விக்குறி போட்டு, கடைசியில் கேள்விக்குறி எல்லாவற்றையும் ஒன்றுமில்லை என்ற கணக்கில் சேர்த்துவிட்டாள். அதனால் அவள் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். சரி, ஏன் ஒரு பக்கம் மட்டும்?

அதற்கும் என்னிடம் காரணம் இருக்கிறது. ஆர்பஸ்க்யூல் சில நாள்தான் வாழும், அப்புறம் சுருங்கிக் கரைந்துவிடும். பூஞ்சை மும்முரமாகப் பரவும் வேரில் ஆர்பஸ்க்யூல் இன்னும் வராத புது இழையும், இருந்து கரைந்துபோன பழைய இழையும் நிறைய இருக்கும். கேள்விக்குறி விழும் இடங்கள் இட்ட பாத்தியில்தான் அதிகம் இருந்திருக்கும், கறாராக எண்ணுகிறவர் அங்கேதான் அதிகம் இழப்பார். இதைச் சாக்காக நான் சொல்லவில்லை, வேருக்குள் அப்படித்தான் நடக்கிறது. இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆனால் இந்தக் காரணம் எனக்குத் தோன்றியது அவள் கேட்டு மூன்று நாள் கழித்து, பாதி ராத்திரியில். "பழகணும்மா" என்று சொன்ன நிமிஷத்தில் என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.

இன்னொன்று. அந்த லேபிள்களை எழுதியதே நான்தான். வேரைப் பிடுங்கியது, கழுவியது, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்தது எல்லாம் நான். ஸ்லைடை மேடையில் வைக்கும்போதே அது எந்தப் பாத்தி என்று கைக்குத் தெரியும். இட்ட பாத்தி என்றால் இழையின் பின்னால் நுண்ணோக்கியில் இன்னும் இரண்டு பார்வைப் புலம் சேர்த்துப் போனேனா, இடாத பாத்தி என்றால் சீக்கிரம் விட்டுவிட்டேனா? எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்பது மட்டும் தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் இந்நேரம் மறந்துகூடப் போயிருப்பேனோ என்னவோ.

மேடம் எந்த எண்ணிக்கையைப் போடுவது என்று கேட்டபோது, "என்னோடதையே போட்டுக்கலாம் மேடம், அவளுக்கு இது முதல் தடவை" என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். எட்டு வருடமாக வேர் பார்க்கிறவள் சொன்னால் மேடம் ஏன் மறுபடி கேட்கப்போகிறார்? ஆர்பஸ்க்யூல் தனி, வெசிகிள் தனி, வெறும் இழை தனி என்று பிரித்தே கொடுத்திருக்கலாம், அந்த முறையே அதற்காகத்தான் இருக்கிறது. பின்னால் எடுத்துப் பார்த்தேன், ஆர்பஸ்க்யூல் எண்ணிக்கையில் எனக்கும் அவளுக்கும் ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம். பிரித்துப் போட்டிருந்தால் எங்கே இடிக்கிறது என்று படிக்கிறவர்களுக்கே தெரிந்திருக்கும். அன்றைக்கு அது என் நினைவுக்கே வரவில்லை. மொத்தமாக ஒரே எண்ணாகப் போய்விட்டது.

அவள் அப்புறம் வேர் எண்ணவே இல்லை. மண்ணைச் சலித்து ஸ்போர், அதாவது பூஞ்சையின் வித்து, பிரிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், அதில் நன்றாகவே தேறினாள். "ஸ்போர்னா இருக்கு, இல்லைன்னா இல்லை, அக்கா" என்று ஒருநாள் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம்.

போன வருடம் அந்த ஸ்லைடுப் பெட்டியை எடுத்து, ஒரு தம்பியை விட்டு லேபிளை மறைக்கச் சொல்லி, வரிசையைக் கலைத்து மறுபடி எண்ணினேன். 53, 39 வந்தது. இட்ட பாத்தியில் அவளுக்கும் எனக்கும் நடுவில். மனசு ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை, ஏனென்றால் அது மறைத்து எண்ணியதாகவே ஆகாது. ஒரு ஸ்லைடில் கவர்ஸ்லிப் ஓரமாக அவரை விதை அளவு காற்றுக்குமிழி இருக்கும், இன்னொன்றில் வேர் அதிகம் வெந்து, அழுத்தியதும் புறணி உறை மாதிரி கழன்று வந்திருக்கும். இதெல்லாம் எனக்கு முகம் மாதிரி ஞாபகம் இருக்கிறது. சாயமும் வெளுத்துவிட்டது. எண்ணிக்கை குறைந்தது சாயத்தாலா, என் கை அடங்கியதாலா?

அவளுடைய தாள் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. கேள்விக்குறிக்கு என்று அவளே ஸ்கேல் வைத்து ஒரு கூடுதல் கட்டம் போட்டிருக்கிறாள், இரண்டு இடத்தில் பென்சிலால் இழையைச் சின்னதாக வரைந்துமிருக்கிறாள். மூன்றாவது மாதிரியில் இருப்பது நான் மேலே சொன்ன அதே இழை என்றுதான் நினைக்கிறேன், குறுக்கே முடி போல ஒரு கோடு போட்டிருக்கிறாள்.

போன வாரம் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். இரண்டாவது நாளே, "அக்கா, இது இழையா, செல் சுவரா?" என்று கேட்டான். நான் வந்து பார்த்துவிட்டு, "கண் பழகணும்ப்பா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. பொய்யும் இல்லை, நிஜமாகவே கண் பழகத்தான் வேண்டும். அவன் சரிக்கா என்று தலையாட்டிவிட்டு மறுபடி ஐபீஸில் குனிந்துகொண்டான்.