ஈஸ்டைப் பரிசோதனைக்கு அனுப்புவோர் கவனத்துக்கு
இங்கிலாந்தில் நாங்கள் நடத்தும் சிறிய ஆலையில், நொதித்தல் முடிந்து அடர்த்தி (தண்ணீருக்கு 1.000 என்ற அளவில்) 1.010-இல் நிலைத்த பிறகே அடைத்த ஏல் பீர், சில வாரங்கள் கழித்து மூடியை நெம்பியதும் பாதி பாட்டில் நுரையாகப் பீறிட்டது. மிச்சத்தை அளந்தால் 1.003; அதாவது பாட்டிலுக்குள்ளும் நொதித்தல் தொடர்ந்திருக்கிறது. சாதாரண ஏல் ஈஸ்ட் தொடாமல் விடும் டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துணுக்குகளையும் உடைத்து உண்ணும் டயாஸ்டாடிகஸ் ரகத்தின் மீதே சந்தேகம் விழுந்தது. பாக்கெட்டில் 'சக்கரோமைசிஸ் செரவிசியே' என்ற, ஏல் ஈஸ்டின் பொதுவான சிற்றினப் பெயருக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. லேபிளை அப்படியே நம்புவதற்கும் இல்லை: ஈஸ்ட் விற்கும் ஒயிட் லேப்ஸ் நிறுவனத்தின் 644-ஆம் எண் ரகம் புரெட்டனோமைசிஸ் என்ற வேறொரு ஈஸ்ட் பேரினத்தின் பெயரில் விற்கப்பட்டு, பின்னர் சக்கரோமைசிஸ் என்று தெரியவந்தது.

தனியார் ஆய்வகம் ஒன்றில் பணம் கட்டியதும் மாதிரியை அனுப்பியதும் சிக்கலின்றி முடிந்தன. படிவத்தில்தான் வம்பு. 'சந்தேகிக்கும் சிற்றினம்' என்ற கட்டத்தில் டயாஸ்டாடிகஸ் என்று எழுதியிருந்ததை, அப்படியொரு சிற்றினம் தங்கள் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முன்பு தனிச் சிற்றினமாகக் கருதப்பட்ட அது, பிற்பாடு செரவிசியேயின் ஒரு வகையாகச் சேர்க்கப்பட்டதை விளக்கி எழுதிய மின்னஞ்சலுக்கு, 'கட்டத்தைச் சரியாக நிரப்பவும்' என்ற ஒற்றை வரியே பதில். அவர்கள் விருப்பப்படியே நிரப்பினேன். முடிவு வந்தது: ஐடிஎஸ் (சிற்றினத்தை அடையாளம் காணப் பார்க்கும் டிஎன்ஏ பகுதி) வரிசைப்படி சக்கரோமைசிஸ் செரவிசியே. பாக்கெட்டில் அச்சிட்டிருந்ததையே காசு கொடுத்து வாங்கியதுதான் மிச்சம்.

ஐடிஎஸ் பகுதியைக் கொண்டு சாதாரணச் செரவிசியேயையும் டயாஸ்டாடிகஸையும் பிரித்தறிய முடியாது. பார்க்க வேண்டியது, டெக்ஸ்ட்ரினை உடைக்கும் நொதியை உண்டாக்கும் எஸ்டிஏ1 என்ற மரபணுவை. அதற்கான பிசிஆர் சோதனை அதே ஆய்வகத்தின் இன்னொரு பிரிவில், தனிக் கட்டணத்தில் இருப்பதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

எனவே, சிற்றினத்தைக் கண்டறியச் சொல்லாமல், எஸ்டிஏ1 சோதனை வேண்டும் என்று மரபணுவின் பெயரையே குறிப்பிட்டுக் கேளுங்கள். பிரிக்காத பாக்கெட் ஒன்றையும் கெட்டுப்போன பாட்டில் ஒன்றையும் தனித்தனி மாதிரிகளாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஆலையில்தான் கலந்தது என்று விற்றவர் கைகழுவிவிடுவார். மரபணு இருப்பதாலேயே ஈஸ்ட் வீரியமாக வேலை செய்யும் என்றும் கொள்ள வேண்டாம்: அதன் முன்னுள்ள, அதை இயக்கும் பகுதியில் 1,162 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) விடுபட்ட ரகங்கள் டெக்ஸ்ட்ரினை மந்தமாகவே உண்ணும் என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே கொஞ்சம் பீரில் அதே ஈஸ்டைத் தாராளமாகச் சேர்த்து, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, அடர்த்தி மேலும் இறங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் மாதிரிகள் இரண்டிலுமே எஸ்டிஏ1 இருந்தது. அறிக்கையைக் கண்டதும் விற்பனையாளர் மீதிப் பாக்கெட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டார். ஆய்வகக் கட்டணத்தையும் கேட்டிருக்கிறோம். அதற்கு மட்டும் இன்னும் பதிலைக் காணோம்.