தாபோர் மலையும் ஆரோத் நீரூற்றும்: நியாயாதிபதிகளின் பள்ளத்தாக்கில் ஒரு நாள்

புனித நாட்டுப் பயணத்தில் தாபோர் மலை ஏறும் தமிழ்க் குழுக்கள் மறுரூப ஆலயத்தில் ஜெபித்துவிட்டு நேரே நாசரேத்துக்கோ கலிலேயாக் கடலுக்கோ போய்விடுகின்றன. அது குறையல்ல. ஆனால் இஸ்ரவேலின் படைத்தலைவன் பாராக் பத்தாயிரம் பேரோடு ஏறி நின்றது இதே மலையில்தான். மீதியானியரை எதிர்க்கப் புறப்பட்ட கிதியோன் பாளயமிறங்கிய ஆரோத் நீரூற்று இங்கிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பஸ் பயணம். வேதத்தின் நியாயாதிபதிகள் புத்தகத்தில் 4 முதல் 7 வரையுள்ள நான்கு அதிகாரங்களை, அவை நடந்த மண்ணிலேயே ஒரே நாளில் வாசித்துவிடலாம். பயண ஏற்பாட்டாளரிடம் இதை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். அங்கே போய் இறங்கிய பிறகு கேட்டால் நடக்காது.

கிளம்புமுன் யோசுவா 17:16, நியாயாதிபதிகள் 1:19, 1:27 ஆகிய மூன்று வசனங்களையும் குழுவாக வாசித்துவிடுங்கள். இஸ்ரவேலர் மலைநாட்டில் குடியேறினார்கள். சமவெளியோ இருப்பு (இரும்பு) ரதங்கள் வைத்திருந்த கானானியரின் கையில் இருந்தது. மெகிதோ, தானாக், பெத்செயான் என்ற பள்ளத்தாக்குப் பட்டணங்களை மனாசே கோத்திரம் பிடிக்கவில்லை. எகிப்தின் மெர்னெப்தா மன்னன் கி.மு. 1208 வாக்கில் நிறுத்திய கல்வெட்டில் இஸ்ரவேல் என்ற பெயர் வருகிறது. அந்த வரியில் அது பட்டணமாக அல்ல, ஒரு ஜனமாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. மலையில் வாழ்ந்த அந்த ஜனம் சமவெளியை எதிர்கொண்ட கதைதான் பாராக்கைப் போருக்கு அனுப்பிய தீர்க்கதரிசி தெபொராளின் கதையும் கிதியோனின் கதையும். இது மனதில் இல்லாவிட்டால் தாபோர் அழகான காட்சிமுனையாக மட்டும் தெரியும்.

தாபோருக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பெரிய பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மேற்பாதையில் வேன்களும் டாக்சிகளும் மட்டுமே ஏறும். நாற்பது பேர் குழுவென்றால் பல நடைகளாகத்தான் ஏற்றுவார்கள், இறங்கும்போதும் அப்படியே. இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பலரது திட்டம் சரிவது இந்த இடத்தில்தான். மேலே 1924-இல் கட்டி முடிந்த பிரான்சிஸ்கன் ஆலயம் இருக்கிறது, அந்தோனியோ பர்லூசி வடிவமைத்தது. நண்பகலில் மூடிவிடுவார்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்.

ஆலய ஜெபம் முடிந்ததும் தெற்கும் மேற்கும் தெரியும் இடத்துக்கு வாருங்கள். மலை கடல் மட்டத்திலிருந்து 570 மீட்டருக்கு மேல். கீழே யெஸ்ரயேல் சமவெளி விரிந்து கிடக்கும். நேர் தெற்கே எதிரில் நிற்பது மோரே மேடு, அதற்கும் அப்பால் கில்போவா மலைத்தொடர். காலை வெயில் முதுகுப்பக்கம் இருப்பதால் மேற்குச் சமவெளி தெளிவாகத் தெரியும். மதியமானால் புழுதி மூட்டம் எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும்.

இங்கே 4-ஆம் அதிகாரத்தை முதலிலும் 5-ஆம் அதிகாரப் பாடலை அடுத்தும் வாசியுங்கள். 4-ஆம் அதிகாரம் மட்டும் வாசித்து நிறுத்திவிட்டால் கானானியரின் படைத்தலைவன் சிசெரா ஏன் தோற்றான் என்பது விளங்காது. அவனிடம் 900 இருப்பு ரதங்கள். ரதம் மலையேறாது. ஆகவே பாராக்கின் ஆட்கள் மலைமேல் இருக்கும்வரை அவர்களுக்குப் பயமில்லை. அவர்களைக் கீழே இறங்கு என்கிறாள் தெபொராள் (4:14). கால்நடையாய்ப் போகிறவன் ரதப்படை நிற்கும் சமவெளிக்குள் இறங்குவது, மனுஷ கணக்கில் சாவைத் தேடிப் போவது. விடை பாட்டில் இருக்கிறது: வானம் சொரிந்தது (5:4), கீசோன் ஆறு அடித்துக்கொண்டு போயிற்று (5:21). இந்தச் சமவெளி கனத்த களிமண் பூமி. மழை பெய்தால் சக்கரம் புதையும், குதிரை கால் வழுக்கும், பெருமையாய்க் கொண்டுவந்த ரதமே பாரமாகிவிடும். சிசெரா ரதத்தைவிட்டு இறங்கிக் கால்நடையாய் ஓடினான் என்று 4:15 சொல்வதன் காரணம் இதுதான். பிப்ரவரி, மார்ச்சில் போகிறவர்கள் கீழே இறங்கியதும் வயலோரத்தில் நாலு அடி வைத்துப் பார்த்தால் போதும், செருப்பு மண்ணிலேயே நின்றுவிடும்.

போதகர்கள் இந்த இடத்தில் 5:15–17-ஐத் தவிர்த்துவிடக் கூடாது. வந்த கோத்திரங்களைப் போலவே வராதவர்களும் அந்தப் பாட்டில் பெயர் சொல்லப்படுகிறார்கள்: தொழுவங்களின் நடுவே இருந்துவிட்ட ரூபன், யோர்தானுக்கு அக்கரையில் தங்கிய கீலேயாத், கப்பல்களோடு நின்ற தாண், கடற்கரையைவிட்டு அசையாத ஆசேர். தெபொராளோ எப்பிராயீம் மலைத்தேசத்தில், ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே பேரீச்சமரத்தின் கீழ் இருந்து நியாயம் விசாரித்தவள். அங்கிருந்து இத்தனை தூரம் வடக்கே வந்து சேர்ந்தாள். அவளுடைய விசுவாசத்தின் அளவை இந்தத் தூரத்தை வைத்துப் பாருங்கள்.

ஆரோத் இப்போது மாயான் ஹரோத் தேசியப் பூங்கா, ஆபூலா நகரைத் தாண்டி, கில்போவாவின் வடக்கு அடிவாரத்தில். நுழைவுக் கட்டணம் உண்டு. வெள்ளிக்கிழமையும் குளிர்காலத்திலும் சீக்கிரமே மூடுவார்கள். கோடையில் சனிக்கிழமை போகவே வேண்டாம்: நீச்சல் குளத்துக்கு வரும் குடும்பங்களால் இடம் நிரம்பிவிடும், அமைதியாய் ஜெபிக்க முடியாது. நுழைந்ததும் நேரே கிதியோன் குகைக்குப் போங்கள். பாறைக்கு அடியிலிருந்து நீர் கசிந்து சிற்றோடையாக ஓடும். குகை சிறியது. முழுக் குழுவும் முண்டியடிக்காமல் பத்துப் பேராக முன்னால் போய், மற்றவர்கள் ஓடையோரப் புல்வெளியில் அமர்வது நல்லது. பாறை வழுக்கும், வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப் போங்கள். ஓடையில் கைவைத்துப் பார்க்கலாம், குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள்.

வடக்கே திரும்பினால் பள்ளத்தாக்குக்கு அப்பால் மோரே மேடு. காலையில் தாபோரிலிருந்து அதன் வடபுறத்தைப் பார்த்தீர்கள், இப்போது தென்புறத்தைப் பார்க்கிறீர்கள். மீதியானியர் பாளயம் அதன் அருகே பள்ளத்தாக்கில் என்று 7:1 சொல்வது கண்ணுக்கு நேரே நிற்கும். அவர்கள் வெள்ளாமை காலம் பார்த்து ஒட்டகங்களோடு வந்து விளைச்சலை அழித்தவர்கள். காற்று வீசும் மேட்டுக் களத்தில் தூற்றினால் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும் என்றுதான் கிதியோன் பாறையில் வெட்டிய திராட்சை ஆலைக்குள் மறைந்து கோதுமையைப் போரடித்தான் (6:11).

இங்கே எண்ணிக்கையை நிதானமாய் வாசியுங்கள். கிதியோனோடு வந்த 32,000 பேரில் பயந்தவர்கள் 22,000 பேர் திரும்பினார்கள். மீதி 10,000. தண்ணீரண்டையில் கையால் அள்ளி நக்கிக் குடித்தவர்கள் 300. இந்த முந்நூறு பேரும் விழிப்பானவர்கள், சிறந்த வீரர்கள் என்று பிரசங்கம் செய்வது வழக்கம். வசனம் அப்படிச் சொல்லவில்லை. என் கையே என்னை இரட்சித்தது என்று இஸ்ரவேல் வீம்பு பேசாதபடிக்கு என்று 7:2-இல் காரணம் தெளிவாக இருக்கிறது. எஞ்சியவர்களைப் புகழ்ந்தால் அந்தக் காரணமே அடிபட்டுப் போகும்.

போர்முறையையும் விளக்குங்கள். நூறு நூறாக மூன்று படை. ஒரு கையில் எக்காளம், மறு கையில் வெறும் பானை, பானைக்குள் தீவட்டி. பட்டயம் பிடிக்கக் கை மிச்சமில்லை. பானை மூடியிருக்கும்வரை தீ கனன்றபடி மறைந்திருக்கும், உடைத்ததும் காற்றுப் பட்டுக் கொழுந்துவிடும். நடுச்சாம ஆரம்பத்தில், காவலர் மாறிய கையோடு, முதல் தூக்கத்தில் இருந்த பாளயத்தைச் சுற்றி முந்நூறு இடத்தில் வெளிச்சமும் முழக்கமும் எழுந்தால் ஒட்டகக் கூட்டம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கர்த்தர் அவர்கள் பட்டயத்தை ஒருவருக்கு விரோதமாய் ஒருவர் ஓங்கப்பண்ணினார். வாசிப்பை 7-ஆம் அதிகாரத்தோடு நிறுத்தாமல் 8:27 வரை கொண்டுபோங்கள். ராஜாவாக இருக்க மறுத்த அதே கிதியோன் ஆசாரியர் அணியும் ஏபோத்தைச் செய்து, அது அவனுக்கும் வீட்டாருக்கும் கண்ணியாகிறது. இதை மறைத்து அவனைக் குற்றமற்றவனாகக் காட்ட வேதமே முயலவில்லை.

இதே நீரூற்றருகே 1260-இல் மம்லூக்குகள் மங்கோலியரைத் தோற்கடித்தார்கள். ஐன் ஜாலூத் போர் என்று அரபு வரலாறு சொல்வது அதைத்தான். பெரும்படைக்குத் தண்ணீர் தரும் இடமானதால் யுத்தங்கள் இங்கே கூடின.

நேரம் மிஞ்சினால் கிழக்கே சுமார் 20 நிமிடத்தில் பெத்செயான். அடிவாரத்து ரோமப் பட்டணத்தில் எல்லோரும் நின்றுவிடுவார்கள். ஒரு மணி நேரம்தான் உண்டென்றால் முதலில் படியேறிப் பழைய மேட்டின் உச்சிக்குப் போங்கள். எகிப்தியக் காவல்படையின் கட்டடங்கள் அங்கேதான் தோண்டியெடுக்கப்பட்டன. மனாசே பிடிக்காமல் விட்ட பட்டணம் இது. பின்னாளில் கில்போவாவில் விழுந்த சவுல் ராஜாவின் உடலைப் பெலிஸ்தர் தூக்கிக் கட்டியது இதன் மதிலில். படிகள் செங்குத்தானவை, நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். 1 சாமுவேல் 31-ஐ மேலே நின்று வாசிக்கலாம், கில்போவா அங்கிருந்து மேற்கே தெரியும்.