காய் சீசனும் முதல் செமஸ்டரும்

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில் தேவாரம் என்ற ஊருக்குப் பக்கம். விடியக்காலை ஐந்து மணிக்கே தெருமுனையில் ஜீப் வந்து நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என எந்தப் பாதையில் போனாலும் போய்ச் சேருவது கேரளத்து இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டம்தான். என் அம்மா அப்பா தினம் போய்த் திரும்பிய கூட்டம் அல்ல. உடும்பன்சோலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்திலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலேயே, தங்கி வேலை பார்த்தார்கள். நானும் அங்கேதான் தமிழ்வழியில் படித்தேன். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது, தோட்டத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல இரவோடு இரவாகக் கீழே இறங்கின. எங்கள் குடும்பமும் இறங்கியது. ஏழாம் வகுப்பின் பாதியை மலையிலும் மீதியைக் கீழேயும் படித்தேன். ஊர் அடங்கியதும் அவர்கள் திரும்ப மலையேறினார்கள். நான் அம்மாச்சியிடம் தங்கிவிட்டேன்.

2017-இல் பி.காம். சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. ஐந்தாறு வருடமாக மே மாதம் வந்தால் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் சேர உதவி கேட்டு பிளாஸ்டிக் ஃபைலோடு வீட்டுக்கு வருவார்கள். அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைவிட, அவர்களுக்கு உதவ நினைக்கிற ஆசிரியர்களும் அக்கா அண்ணன்மாரும் படித்தால் நல்லது.

கல்லூரியில் சேர்த்துவிடுவது பெரிய வேலை இல்லை. விண்ணப்பம் போட, சான்றிதழ் வாங்க, வங்கிக் கணக்குத் தொடங்க உதவிக்கு ஆள் கிடைக்கிறது. சேர்ந்த அன்று கல்லூரி வாசலில் போட்டோவும் எடுக்கிறார்கள். தீபாவளிக்கு அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்து படிப்பை விட்டவர்களில் பெரும்பாலோர் முதல் செமஸ்டரிலேயே விட்டவர்கள். அதுவும் மார்க் குறைந்து விட்டவர்கள் அல்ல.

காரணம் காலண்டரில் இருக்கிறது. மாசி முதல் வைகாசி வரை மலையில் வேலை குறைவு. இருக்கிற கையிருப்பும் கரைந்து, கடன் ஏறுகிற காலம் அது. கல்லூரி ஃபீஸ், விடுதி முன்பணம், செருப்பு, பை எல்லாம் வந்து நிற்பது அந்த நேரத்தில். அப்புறம் மழை இறங்கி, ஆடி ஆவணியில் காய் எடுப்பு சூடுபிடிக்கும். ஏறக்குறைய ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று என்று தை வரை ஓடும். வருடத்தின் முக்கால் கூலி அந்த மாதங்களில்தான். வீட்டில் ஒரு கை கூடினால் ஒரு கூலி கூடும். கல்லூரியின் முதல் செமஸ்டர் ஓடுவதும் அதே மாதங்களில்தான். ஆக, பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டிய நேரமும் தோட்டத்தில் கை வேண்டிய நேரமும் ஒன்றாகிவிடுகிறது.

அமெரிக்காவில் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் பண்ணைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே 1972 முதல் ஓர் அரசுத் திட்டம் இருக்கிறது, அதன் பெயரைச் சுருக்கி 'கேம்ப்' என்பார்கள் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொன்னார். கடந்த 24 மாதத்தில் 75 நாளாவது பிள்ளையோ பெற்றோரோ அப்படிப் பண்ணை வேலை செய்திருக்க வேண்டும் என்பது அதில் சேரும் வழிகளில் ஒன்று. உதவித்தொகை, டியூஷன், ஆலோசனை என்று அவர்கள் தூக்கிவிடுவது முக்கியமாகக் கல்லூரியின் முதல் வருடத்தில். அந்த வருடத்தைத் தாண்டினால் மீதியைப் பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கு. கேட்டதும், இந்தக் கணக்கைப் போட்டவர் ஏதோ ஒரு தோட்டத்தில் நின்றிருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

என் கதையைச் சொல்கிறேன். சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு மலைக்குப் போனேன். அம்மாவுக்கு இடுப்புவலி, காய் பழுத்து நிற்கிறது. "ரெண்டு நாள் நின்னுட்டுப் போத்தா" என்றார். ரெண்டு நாள் பதினேழு நாளானது. திரும்பி வந்தபோது ஓர் இண்டர்னல் தேர்வு முடிந்திருந்தது, வருகைப்பதிவு 68 சதவீதத்தில் நின்றது. 75 வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற நினைப்பிலேயே இருந்தேன். குறைந்த நாளுக்கு அபராதம் கட்டினால் பரீட்சை எழுதலாம் என்றார்கள். காய் எடுத்துக் கொண்டுவந்த கூலியில் ஒரு பங்கை அப்படியே ஆபீஸ் கவுண்டரில் எண்ணி வைத்தேன்.

அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் யாரும் முன்னாலேயே சொல்லவும் இல்லை. இண்டர்னலுக்கு 25 மார்க், பல்கலைக்கழகப் பரீட்சைக்கு 75 மார்க், அரியர் என்றால் என்ன, போனஃபைடு எதற்கு, டியூட்டர் யார் என்பதெல்லாம் படித்த வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். நம் பிள்ளைக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ஜூலையில் ஒரு மணி நேரம் போதும். நான் சொல்லும் முதல் விஷயம் வருகைப்பதிவுக் கணக்குதான். "ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள்னா உன்கிட்ட 22 நாள் இருக்கு. காய்ச்சலுக்குப் பத்து நாளை ஒதுக்கி வை. மலைக்கு மிச்சம்" என்று நாளாகப் பிரித்துச் சொல்வேன். மலைக்கே போகாதே என்று நான் சொல்வதில்லை. அது நடக்காது, நம்மிடம் மறைத்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. நான் அப்போது மூன்றாம் ஆண்டு. ஃபீஸுக்கு இரண்டு வாரம் தவணை கேட்டபோது, "ஏலக்காய்தான் இந்த விலைக்குப் போகுதே, உங்களுக்கென்னம்மா" என்றார் ஆபீஸில் ஒருவர். 2018 வெள்ளத்திலும் அதற்குப் பின் வந்த வறட்சியிலும் செடி போய்விட்டது. காய் இல்லாததால்தான் அந்த விலை. காய் இல்லையென்றால் எடுக்கிறவளுக்கு வேலைநாளும் இல்லை. புத்தடியிலும் போடியிலும் நடக்கிற ஏலக்காய் ஏலத்தில் விலை ஏறுகிற நாளில் எங்கள் அடுப்பு அணைந்திருக்கலாம். இது தெரிந்த ஆள் ஒருவராவது கல்லூரி ஆபீஸில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இனி காகிதங்கள். இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்துக்கும், 2024 ஆகஸ்டில் பையன்களுக்கு வந்த தமிழ்ப்புதல்வன் திட்டத்துக்கும் 6 முதல் 12 என்பதுதான் அடிப்படை. இரண்டிலும் கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய். ஆறாவதோ ஏழாவதோ மலைமேல் கேரளப் பள்ளியில் படித்துவிட்டு எட்டாவதில் கீழே வரும் பிள்ளை, தமிழ்வழியிலேயே படித்திருந்தாலும் இதில் மாட்டிக்கொள்கிறது. இந்த விதியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் விதி அதுதான். அதனால் பிள்ளையைக் கீழே கொண்டுவருவதா, மலையிலேயே வைப்பதா என்ற பேச்சை ஐந்தாம் வகுப்பு முடியும்போதே பெற்றோரிடம் தொடங்கிவிட வேண்டும். பன்னிரண்டாவதில் பேசிப் பயனில்லை.

8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்றும் வைக்க வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றிதழ், கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருகிறவர்களின் கல்விக்கட்டணச் சலுகைக்கு. அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பிக்குக் கிடைக்காது. இதை மறைத்து எழுதச் சொல்லும் இ-சேவை ஆட்களும் உண்டு, கேட்காதீர்கள். மலையிலேயே தங்கி அங்குள்ள கல்லூரியில் சேருகிறவர்களுக்குச் சிக்கல் வேறு. 1950-க்குப் பிறகு மலையேறிய குடும்பம் என்றால் பிள்ளை அங்கேயே பிறந்திருந்தாலும் கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்று கிடைக்காது. அது பூர்வீக மாநிலத்தில்தான் செல்லும்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது ஓ.டி.பி. ஆதாரில் இருப்பது அப்பாவின் நம்பர். அப்பா டவர் கிடைக்காத தோட்டத்தில். கீழே பிள்ளை கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் காலாவதியாகும் எண்ணுக்குக் காத்திருக்கும். பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே பிள்ளையின் ஆதாரில் பிள்ளையின் நம்பரை ஏற்றி, அதே ஆதாரை வங்கிக் கணக்கோடு இணைத்துவிடுங்கள். பெயரும் இனிஷியலும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மலைப் பள்ளி டி.சி.யில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், இங்கே முன்னால் இருக்கும்.

ஏ.டி.எம். கார்டு பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். ஜீப்காரரிடம் வாங்கிய அட்வான்சுக்குக் கார்டை அடமானமாகக் கொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

உதவித்தொகையா விடுதியா என்று கேட்டால் நான் விடுதி என்பேன். பெற்றோர் மேலே, பிள்ளை பாட்டியிடம் என்றால் சமையல், தண்ணீர், ரேஷன், பாட்டியின் மாத்திரை எல்லாம் பிள்ளையின் தலையில்தான் விழும். 2025 முதல் சமூகநீதி விடுதி என்று அழைக்கப்படும் அரசு விடுதிகளில் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பெண்பிள்ளையை விடுதியில் விட அம்மாக்கள் தயங்குவார்கள். வாயால் சொல்லி மாற்ற முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய், சமையலறையையும் வார்டனையும் காட்டிவிட்டால் சரி.

பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்கிற இன்னொன்று மலையாளம் பற்றியது. லயத்தில் வளர்ந்ததால் பலருக்கும் பேச வரும். கல்லூரியில் அதை ஏதோ குறைபோல மறைப்பார்கள். எழுதப் படிக்கவும் பழகிக்கொள்ளச் சொல்கிறேன். கேரள பி.எஸ்.சி., அதாவது அங்குள்ள அரசுப் பணித் தேர்வாணையம், தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே எல்.டி. கிளார்க் (கீழ்நிலை எழுத்தர்) பணியிடங்களுக்குத் தனியாகத் தேர்வு நடத்துகிறது. தமிழிலேயே மேலே படிக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் உள்ள சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையும் இருக்கிறது.

பெற்றோரிடம் பேசும்போது நவம்பரில் செமஸ்டர் என்று சொன்னால் மண்டையை ஆட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். போன வருடம் ஒரு பிள்ளையின் அம்மாவிடம், "மூணாவது சுத்து காய் எடுக்கறப்போ பாப்பாவுக்குப் பரீட்சை மதினி, அந்த ஒரு சுத்துக்கு மட்டும் ஆள் விட்டுக்கோங்க" என்றேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப ரெண்டாவது சுத்துக்கு வரலாம்ல?" என்று கேட்டார். சனி, ஞாயிறு மட்டும் என்று பேசி முடித்தோம்.