கச்சானுக்கு ஒரு கட்டம்

"என்னத்தா, இதுல கச்சானைக் காணோம்?"

பாம்பன் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த தாத்தா, என் அக்கா மகளின் மடிக்கணினியை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

அவள் பி.ஏ. தமிழ். காற்றின் பெயர்களை எக்செல்லில் அட்டவணை போடுகிறாள். பாடத்தில் படித்த நான்கும் இருந்தன: வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை.

பதில் பேசாமல் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தியைச் செருகினாள். தலைப்பு: 'கரையில் சொல்வது'.

அப்புறம் தாத்தா நிறுத்தவே இல்லை. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் அடித்தால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கிக் கிடக்கும். வாடைக்கு அப்படியே தலைகீழ். எல்லாம் கட்டம் கட்டமாக ஏறியது.

"தமிழ் படிச்சா என்ன வேலை கிடைக்கும், கம்ப்யூட்டர் எடுத்திருக்கலாமே" என்று கேட்டவர்களில் நானும் உண்டு. (சரி, ஒப்புக்கொள்கிறேன்.) இப்போது அதையும் யூடியூப் பார்த்தே பழகிவிட்டாள். அடுத்து கியூஜிஐஎஸ்ஸில் வரைபடமாம். காசில்லாத மென்பொருள்தான்.

என் போனில் வானிலைச் செயலியைத் திறந்தேன். தென்மேற்கு என்று ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். எந்தக் கடலில் இறங்கலாம் என்று அந்த அம்பிடம் எப்படிக் கேட்பது?

பேட்டரி 9 சதவீதம். தாத்தா இன்னும் சோழகக் காற்றையே முடிக்கவில்லை.