கல்லாப்பெட்டியில் இரண்டு தாடிக்காரர்கள்

திபிலீசியில் வாங்கிய முதல் மாதச் சம்பளத்தைப் போனில் சொன்னதும் அம்மா, "இத்தனை லாரியை எங்கேடா நிறுத்துவே?" என்று சிரித்தார். திபிலீசி ஜார்ஜியா நாட்டின் தலைநகரம். அந்த நாட்டுப் பணத்துக்கு லாரி என்று பெயர். நான் வேலை பார்த்தது மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், நம் ஊர் மாணவர்களை நம்பி நடந்த ஒரு சின்ன மெஸ்ஸில். பெயருக்குக் காசாளர். மூட்டை தூக்குவதிலிருந்து மேஜை துடைப்பதுவரை எல்லாம் உண்டு.

சேர்ந்த இரண்டாம் வாரம் ராத்திரிக் கணக்கில் 10 லாரி குறைந்தது. மறுநாளும் சரியாக 10. காரணம் தாடி. 10 லாரித் தாளில் அகாகி செரெதெலி, 20 லாரித் தாளில் இலியா சவ்சவாட்ஸே. இரண்டு பேருமே கவிஞர்கள், 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள், நல்ல தாடிக்காரர்கள். மதியம் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது நான் எண்ணைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துச் சில்லறை கொடுத்திருக்கிறேன்.

சமையலறையில் காய் நறுக்க ஒரு ஜார்ஜியப் பெண்மணி இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். எங்கள் எல்லோருக்கும் அக்கா. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 10-ஐத் தொட்டு 'சுலிகோ' பாட்டை முணுமுணுத்தார்; காதலியின் கல்லறையைத் தேடி அலைகிறவனின் பாட்டு, வரிகள் அகாகியுடையவை. 20-ஐத் தொட்டு, "பேங்க்" என்றார்.

எனக்குப் பிடித்துப்போனது அந்த இரண்டாம் ஆள்தான். கவிஞர், பத்திரிகை ஆசிரியர், அதோடு திபிலீசியில் பிரபுக்களின் நிலவங்கியை, அதாவது நிலத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கும் வங்கியை, முப்பது வருஷம்போல நடத்தியவர். அந்த வங்கியின் லாபத்தில் பள்ளிக்கூடமும் நாடகமும் நடந்தன. ரஷ்யப் பேரரசு ஜார்ஜிய மொழியைப் பள்ளியிலிருந்து ஓரங்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1879-ல் எழுத்தறிவு பரப்பும் சங்கம் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். 1907-ல் மனைவியோடு குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தவரை ட்ஸிட்ஸமூரி என்ற இடத்தில் வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். 1987-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. வட்டிக் கணக்குப் பார்த்தவர் புனிதரானதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்கப்புறம் தாள்களை எண்ணும்போது ஆட்களைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. 5 லாரியில் இவானே ஜவாகிஷ்விலி, வரலாற்று ஆசிரியர். 1918-ல் திபிலீசிப் பல்கலைக்கழகம் உருவாகக் காரணமானவர். 50-ல் தமார். 1184 முதல் 1213 வரை ஆண்டவர். நான் ராணி என்று சொன்னதை அக்கா திருத்தினார்: "மெபே". அரசர். ஜார்ஜிய மொழியில் ஆண்பால் பெண்பால் கிடையாது, 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சொல். நம் 'அவர்' மாதிரி என்று விளக்கினேன். எனக்குத் தெரிந்த ஜார்ஜியத்தில் அது அவருக்குப் புரிந்ததா என்பது சந்தேகம். தமார் முதல் கணவரை விலக்கி அனுப்பிவிட்டு, இரண்டாவதாக தாவித் சோஸ்லானை மணந்தவர். 12ஆம் நூற்றாண்டில்!

100 லாரித் தாள் வந்தால் எங்களிடம் சில்லறை இருக்காது, பக்கத்து மருந்துக்கடைக்கு ஓட வேண்டும். அதில் இருப்பவர் ஷோத்தா ருஸ்தவேலி. அவருடைய காவியத்தின் நாயகன் தாரியேல் ஒரு இந்திய இளவரசன். நான் இந்தோயெத்தி, அதாவது இந்தியா என்றதும் வயதான டாக்ஸி டிரைவர்கள் தாரியேல் பெயரைச் சொன்னது அதனால்தான். ருஸ்தவேலி தமாரின் பொக்கிஷப் பொறுப்பாளராக இருந்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் அவரும் ஒரு காசாளர். இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

உலகத்துக்கே தெரிந்த ஜார்ஜியர் மட்டும் கல்லாவில் இல்லை. கோரி ஊரில் பிறந்த ஸ்டாலின். தமிழ்நாட்டில் அப்போதைய முதலமைச்சர் பெயரே ஸ்டாலின், அந்த ஸ்டாலின் செத்த வாரத்தில் பிறந்ததால் அப்பா வைத்த பெயர் என்று ஒருநாள் சுவாரசியமாகச் சொல்லத் தொடங்கினேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார். ஸ்டாலின் ஆட்சியில், 1937-ல் தன் தாத்தாவின் அண்ணனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார். திரும்பி வந்தாரா என்று நான் கேட்கவில்லை. அவர் மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

வேலையை விடும் சமயத்தில் முதலாளி புதுப் பெயர்ப்பலகை மாட்டினார். பளபளவென்ற இட்லிப் படம், கீழே எல்.இ.டி. விளக்கு. ஆன செலவை நான்தான் கணக்கில் ஏற்றினேன். அக்கா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். உள்ளே போய்ப் பர்ஸிலிருந்து ஒரு பழைய 1 லாரித் தாளை எடுத்து வந்தார். இப்போது 1 லாரி நாணயமாகிவிட்டது. அந்தப் பழைய தாளில் இருந்தது ஓவியர் பிரோஸ்மானி. பால்கடை வைத்து, அது சரிப்படாமல், சாராயக்கடைகளுக்குப் பலகையும் படமும் வரைந்து கொடுத்துச் சாப்பாடும் மதுவும் வாங்கிக்கொண்டவர். 1918-ல் வறுமையில் செத்தார். புதைத்த இடம்கூடத் தெரியாது.

"இவரைக் கூப்பிட்டிருந்தால் ஒரு சாப்பாட்டோடு முடிந்திருக்கும்" என்றார் அக்கா. தாளை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.