சூடாக்கினால் போதும் என்றார்கள்

பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்கான ஒப்பந்தம் தயார், அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் போதும் என்று 2019 தேர்தலில் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் சொன்னார். மக்களும் நம்பி 80 இடப் பெரும்பான்மை கொடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது வெளியேறுவதற்கான ஒப்பந்தம் மட்டும்தானாம்! ஒன்றியத்துடனான வர்த்தகப் பேச்சு 2020 டிசம்பர் 24 வரை இழுத்தது. கடைசிவரை மல்லுக்கட்டியது எதற்கு? மீனுக்கு! பிரிட்டன் கடலில் யார் எவ்வளவு பிடிப்பது என்பதற்கு! நாட்டின் பொருளாதாரத்தில் ஒரு சதவீதம்கூட இல்லாத தொழில் அது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்த உடன்படிக்கைக்கான சட்டத்தை டிசம்பர் 30 அன்று ஒரே நாளில் நிறைவேற்றினார்கள். வாடகைப் பத்திரத்தையே நாம் இருமுறை படித்துத்தான் கையெழுத்திடுகிறோம்.

சரி, மீனவர்களாவது பிழைத்தார்களா? சுங்கப் படிவங்களால் ஏற்றுமதி தாமதமாகி, 2021 ஜனவரியில் ஸ்காட்லாந்து கடலுணவு வியாபாரிகள் லாரிகளோடு லண்டனுக்கே வந்து, பிரதமர் அலுவலகத்துக்கு அருகில் நிறுத்திப் போராடினார்கள்.