ஐந்தும் ஐந்தும் பத்து ஆகாத கதை: காலநிலை மாடலிங் தேர்வு அனுபவம்

முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. இரண்டாவது முயற்சியில் தேறிவிட்டேன். போன முறை எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் ஆய்வகத் தேர்வு கவிழ்த்துவிட்டது. அந்தக் கடுப்பு இன்னும் முழுசாக ஆறவில்லை. அதனால் இதில் ரீஸ்டார்ட் (நிறுத்திய இடத்திலிருந்து மாடலை மறுபடி ஓட்டுவது) புலம்பல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

போன முறை வந்த கேள்வி இது. லீப்ஃபிராக் என்ற நேரப்படி முறையில் ஓடும் ஷேலோ வாட்டர் மாடலின் (வளிமண்டலத்தை ஒரே மெல்லிய நீரடுக்கு போல எடுத்துக்கொள்ளும் எளிய மாடல்) நிரல் ஃபோர்ட்ரான் மொழியில் கையில் தரப்படும். அதில் ரீஸ்டார்ட் வசதி சேர்க்க வேண்டும். 10 நாள் ஒரே மூச்சில் ஓட்டினாலும், 5 நாள் ஓட்டி நிறுத்தி மறுபடி 5 நாள் ஓட்டினாலும், கடைசிக் கோப்பு கடைசி பிட் வரை ஒன்றாக இருக்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் முடித்தேன். இரண்டு காற்று வேகங்கள், உயரம், மூன்றையும் கோப்பில் எழுதினேன், திரும்பப் படித்தேன், படம் வரைந்தேன். இரண்டு படமும் அச்சு அசலாக ஒன்றுதான். நிம்மதியாக எழுந்து வந்துவிட்டேன். தேர்வாளர் படத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு கோப்பையும் பைட் பைட்டாக ஒப்பிட்டார், அவ்வளவுதான்.

லீப்ஃபிராக் அடுத்த படிக்குப் போக இப்போதைய நிலையும் வேண்டும், முந்தைய நிலையும் வேண்டும். நான் இப்போதையதை மட்டும் சேமித்திருந்தேன். மறுபடி தொடங்கியபோது, முதல் நாள் மாதிரியே முந்தைய நிலை தேவைப்படாத ஒரு ஆய்லர் படி எடுத்துத்தான் நிரல் கிளம்பியது. வித்தியாசம் மிகச் சின்னது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வித்தியாசம் வித்தியாசம்தான்.

இதில் இன்னொரு குழியும் உண்டு. லீப்ஃபிராக்கில் வரும் போலி ஆட்டத்தை அடக்கும் ராபர்ட்-ஆசெலின் ஃபில்டர் போட்டிருந்தால், சேமிக்க வேண்டிய முந்தைய நிலை ஃபில்டர் ஆன பிறகு உள்ளது. சப்ரூட்டீனில் எந்த வரியில் கோப்பை எழுதுகிறீர்கள் என்பதே விடையைத் தீர்மானித்துவிடும்.

ரீஸ்டார்ட்டுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. நூறு ஆண்டு ஓட்டத்தை எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் ஒரே ஜாப்பாக விடாது. வரிசையில் நின்று, துண்டு துண்டாகத்தான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டின் மூட்டிலும் சிறு பிசகு இருந்தால், எந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடவே முடியாது. 1961ல் வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸுக்கு நடந்ததும் ரீஸ்டார்ட்தான். கணினிக்குள் 0.506127 இருக்க, அச்சில் வந்த 0.506ஐ உள்ளிட்டு நடுவிலிருந்து ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் வானிலையே வேறாகிவிட்டது. அவருக்கு அதிலிருந்து கேயாஸ் கோட்பாடு கிடைத்தது, எனக்கு அரியர் கிடைத்தது.

இந்த முறை ஆய்வகத்துக்காகச் செய்தவை:

- டபுள் பிரிசிஷன் (சுமார் 16 இலக்கத் துல்லியம்) மாடலின் ரீஸ்டார்ட்டை சிங்கிளில் (சுமார் 7 இலக்கம்) எழுதவே கூடாது. படம் போடுவதற்கான கோப்பு வேறு, ரீஸ்டார்ட் கோப்பு வேறு.
- 0.1 என்று வெறுமனே எழுதினால் ஃபோர்ட்ரானுக்கு அது சிங்கிள். டபுள் மாறியில் போட்டாலும் 0.10000000149 என்றுதான் உட்காரும்.
- படி எண்ணையும் சேமியுங்கள். இல்லாவிட்டால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும்; சூரிய ஒளி மாதிரி நேரத்தைப் பொறுத்த விசை இருந்தால் அது தப்பாகிவிடும்.
- நெட்சிடிஎஃப் (காலநிலைத் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்பின் தலைப்பகுதியில் உருவாக்கிய நேரம் பதிவாகியிருக்கலாம். அங்கே மாறிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.
- கம்பைலரில் கணக்கை வேகப்படுத்தும் ஃபாஸ்ட்-மேத் ஆப்ஷனை எடுத்துவிடுங்கள். கூட்டும் வரிசையை கம்பைலர் மாற்றினால் கடைசி இலக்கங்கள் மாறும். வேலையைப் பல பிராசசர்களுக்குப் பிரித்துத் தரும் எம்பிஐயில் பிராசசர் எண்ணிக்கை மாறும்போது மொத்தத் தொகை லேசாக மாறுவதும் இதனால்தான்.

எழுத்துத் தேர்வில் எல்லோரும் வழுக்கும் இடம் டைம் ஸ்டெப் கணக்கு, அதாவது மாடல் வெடிக்காமல் ஒரு படியில் எத்தனை நொடி தாவலாம் என்பது. ஆழம் 10 கிலோமீட்டர் என்றால் ஈர்ப்பலை வேகம் நொடிக்கு சுமார் 313 மீட்டர். கிரிட் புள்ளிகளுக்கு இடையே 100 கிலோமீட்டர். வகுத்தால் 319 நொடி என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். அது ஒரு பரிமாணத்துக்கு, எல்லாம் ஒரே புள்ளியில் இருக்கும் கிரிட்டுக்கு. காற்றையும் உயரத்தையும் வெவ்வேறு புள்ளிகளில் வைக்கும் இரண்டு பரிமாண ஆரகாவா சி கிரிட்டில் லீப்ஃபிராக் என்றால் அதை இன்னும் 2√2 ஆல் வகுக்க வேண்டும்; சுமார் 113 நொடிதான் மிஞ்சும். கேள்வியில் "சி" என்ற ஒற்றை எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வாய்மொழித் தேர்வில், கணக்கால் வானிலையை முன்கணிக்க முதலில் முயன்ற லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் வராமல் இருக்காது. 1910 மே 20க்கு அவர் கையால் போட்ட கணக்கு, 6 மணி நேரத்தில் 145 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் ஏறும் என்றது. உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. ஏன் தவறியது என்று கேட்டால் சிஎஃப்எல் நிபந்தனை (மேலே சொன்ன டைம் ஸ்டெப் வரம்பு) மீறல் என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். அவர் படி படியாகப் போகவே இல்லை, ஒரே ஒரு தாவல்தான். தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் சமநிலையில் இல்லாததே காரணம். போன முறை நான் சிஎஃப்எல் என்றுதான் சொன்னேன். தேர்வாளர் சிரித்தார், அது நல்ல சிரிப்பு இல்லை.

வேகப்படுத்துவது, ஜிபியு, ஹேலோ பரிமாற்றம் (பிராசசர்கள் எல்லைத் தரவைப் பகிர்வது) எல்லாம் நான் மேலோட்டமாகத்தான் படித்தேன். நான் மெதுவான ஆள். நிரலைத் தொடுவதற்கு முன் பழைய, இப்போதைய, புதிய நிலைகளைத் தாளில் மூன்று பெட்டியாக வரைந்து, எந்த வரியில் எது எதற்குள் போகிறது என்று அம்பு போட்டுக்கொள்வேன். பக்கத்தில் எல்லோரும் தட்டிக்கொண்டிருக்க நான் மட்டும் வரைந்துகொண்டிருந்தேன். இருபது நிமிடம் போயே போச்சு. வேகமாகத் தட்டுபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், விட்டுவிடுங்கள்.

இந்த முறை மதியத்துக்குள் இரண்டு ஓட்டமும் முடிந்தது. படம் வரையவில்லை. நேராக, இரண்டு கோப்பை பைட் பைட்டாக ஒப்பிடும் சிஎம்பி கட்டளையைக் கொடுத்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராவிட்டால் இரண்டும் ஒன்று என்று அர்த்தம், தெரியும். ஆனாலும் ஒரே கோப்பின் பெயரையே இரண்டு தடவை தட்டிவிட்டேனோ என்று இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன்.